பீர்க்கங்கொடி படர்ந்த வீடு

நண்பரின் மாடித் தோட்டத்தில் பீர்க்கம் இலையைக் கசக்கியதும் எழுந்த பச்சை வாசனை, செஞ்சிக்கோட்டை மலையடியில் இருந்த எங்கள் தகரக் கூரை வீட்டை நினைவூட்டியது. பாறை வெக்கையில் கைக்குழந்தையான தம்பி தூங்காமல் அழுததால், அம்மா குளியல் தண்ணீரை வேருக்குத் திருப்பி, பீர்க்கங்கொடியைக் கூரை முழுக்கப் படரவிட்டாள்.

"பாம்பு வந்துட்டா இன்னா பண்ணுவ?" என்றார் நைனா.

பாம்பு வரவில்லை. சாயங்காலங்களில் மஞ்சள் பூக்கள் விரிந்தன, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டால் உடம்பு தேய்த்துக் குளித்தோம், தம்பி பகலிலும் தூங்கினான்.

சாலையை அகலப்படுத்துவதற்காக வீட்டை இடிக்க வந்த பொக்லைன் ஓட்டுநரை, மதியம் அம்மா உள்ளே அழைத்துச் சோறு போட்டாள்.

"இன்னாம்மா, உள்ள இப்டி ஜில்லுனு இருக்குது?" என்றவர், சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்து தூங்கிவிட்டார்.

நாங்கள் யாரும் அவரை எழுப்பவில்லை. அன்று சாயங்காலம்வரை அது எங்கள் வீடாகவே இருந்தது.