ஆரத்தி நிறத்தில் வந்த தீர்த்தம்

இதை எழுதலாமா என்று பல வருடம் யோசித்தேன். சாமி குத்தமாகிவிடுமோ என்ற பயம் பாதி, மானம் போகுமே என்ற பயம் மீதி.

தொண்ணூறுகளில் மலேசியாவில், புலாவ் செபாங் பக்கம் ஓர் ஆர்க்கிட் நர்சரியில் தண்ணீர் வேலை பார்த்தேன். படிப்பு ஆறாம் வகுப்பு. அங்கே கிடைத்தது வெந்நீர் ஊற்றுத் தண்ணீர். ஆற வைத்து ஊற்றினாலும் இலை ஓரம் கருகும். அதில் கரைந்திருக்கும் போரான் என்ற தாதுதான் காரணம். அதைப் பிடிக்க ஒரு டேங்க். உள்ளே போரானைப் பிடித்துக்கொள்ளும் ரெசின், சவ்வரிசி மாதிரி மணிகள். ரெசின் நிறைந்துவிட்டால் ஆசிட் விட்டுப் போரானைக் கழற்ற வேண்டும். பிறகு ஆசிட்டை முறிக்கக் காஸ்டிக் சோடா. கடைசியில் காஸ்டிக் போக நல்ல தண்ணீர் விட்டு நெடுநேரம் அலச வேண்டும்; அதற்குப் பேர் ரின்ஸ். ரின்ஸ் முடியாமல் வரும் தண்ணீர் செடியைக் கருக்கும். குடித்தால் தொண்டை வெந்துவிடும்.

அந்த ஆயுத பூஜை காலையில் அப்போதுதான் காஸ்டிக் விட்டு முடித்திருந்தேன். மேனேஜர் மணியம் அண்ணன் கத்தினார்:

"டேய், நல்ல நேரம் முடியப் போவுது லா! டேங்க குளிப்பாட்டுனது போதும், பொட்டு வை!"

ரின்ஸை மனசிலேயே முடித்துக்கொண்டேன். டேங்குக்குத் திருநீறு, சந்தனம். குழாய் வாயில் கெட்டியாக மஞ்சள். வால்வைத் திறந்தேன். தண்ணீர் பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பானது.

"தாயே! எறங்கிட்டா!" என்று முதலில் அலறியது நான்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீரைச் செம்பில் பிடித்து, மூத்தவர் என்று மணியம் அண்ணன் கையில் தீர்த்தம் ஊற்றினேன்.

"என்னடா வழவழங்குது?"

"அருள், அண்ணே."

அவர் கை வாய்க்குப் போனது. பூஜைக்கு வந்திருந்த என் மனைவி பார்வதி வளையல் குலுங்கப் பாய்ந்து தட்டிவிட்டாள்.

"குடிக்காதீங்க அண்ணே!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும். ஆரத்தி கரைக்கிறவளுக்குத் தெரியாதா? என்னத்தங்க உள்ள ஊத்தி வச்சிருக்கீங்க?"

காஸ்டிக், சுண்ணாம்புக்கு அண்ணன் முறை. வால்வை மூட ஓடினேன். மணியம் அண்ணன் பைப்படியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"சாமி கும்பிடு, வேணாங்கல. அதுக்கு என்னை ஏண்டா சாமிகிட்டயே அனுப்பப் பாக்குற?"

மத்தியானம் வரை ரின்ஸ் விட்டேன். தடவிய மஞ்சள் மஞ்சளாகவே நின்ற பிறகுதான் செடிப் பக்கம் தண்ணீர் போனது. வேலையை விடும்வரை ஒவ்வொரு ரின்ஸுக்கும் பையில் ஒரு மஞ்சள் கிழங்கு வைத்திருந்தேன்.

அம்மன் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தாள். வந்து, 'வால்வை மூடுடா' என்றாள். நான் பூப்போட்டுக்கொண்டிருந்தேன்.

இதை யாருக்குச் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். பக்கத்து ஊர் அலோர் காஜாவில் ஒருவர், டேங்கிலிருந்து சலங்கைச் சத்தம் கேட்டதாமே என்று என்னிடமே கேட்டார். சலங்கை இல்லை ஐயா. அது பார்வதியின் வளையல்.