உயர்த்திக் கட்டிய தரை

குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீடு மாமனார் கட்டியது. தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிவிட்டது. வானம் கறுத்தாலே, தண்ணீர் உள்ளே வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கம் போய்விடும். கொத்தனாரான என் தம்பியிடம் தரையை உயர்த்தி, பழைய சுவர்களை இடித்துப் பின்பக்கம் ஓர் அறையும் சேர்க்கச் சொன்னேன். தூணும் தேக்குக் கதவும் மட்டும் அப்படியே இருக்கவேண்டும் என்றேன்.

என் கணவருக்குச் சர்க்கரையால் பார்வை போய் வெகுகாலம். ஆனால் அந்த வீட்டுக்குள் யாரையும் கூப்பிடாமல் நடப்பார், தானே தண்ணீர் மொண்டு குடிப்பார்.

வேலை முடிந்து, அதுவரை தங்கியிருந்த வாடகை வீட்டிலிருந்து அவரை அழைத்து வந்தோம்.

“எல்லாம் பழைய மாதிரியேதான் இருக்கு மாமா. தைரியமா நடங்க” என்றான் தம்பி.

புதுப் படியில் அவர் கால் இடறியது. சுவரைத் தேடிய கை வெறும் காற்றில் நின்றது.

“டேய் மச்சான், என் வீட்ட எங்கடா கொண்டுபோய் வச்ச?”

தம்பி சிரித்தான். அவரும் சிரித்தார். பிறகு மெதுவாக, “புள்ள, எங்க இருக்க? கையக் குடு” என்றார்.

கொடுத்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. வீட்டை இடிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது என் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறார். பார்ப்பவர்கள் நல்ல ஜோடி என்கிறார்கள்.