முவைலாவில் ஒரு மேல் கட்டில்

கோவில்பட்டியிலிருந்து துபாய் பார்க்க வந்திருந்தேன்; ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு யூனியன் நிலையத்தில் ஷார்ஜா பஸ் ஏறினேன். கட்டணம் பன்னிரண்டு திர்ஹம். என் சித்தப்பா மகன் மாரியப்பன் ஷார்ஜாவின் முவைலா பகுதியில் இருக்கிறான். ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அன்று சாயங்காலம் லீவில் கோவில்பட்டிக்குப் புறப்படுகிறான் என்பதால், அறையில் பெட்டி கட்டும் நாள். வளைகுடாவில் பெட்டி கட்டுவது ஒரு சின்னக் கல்யாணம். ஒருவர் அட்டைப்பெட்டி மேல் ஏறி உட்கார, இன்னொருவர் கயிறு இழுக்க, மற்றவர்கள் யோசனை சொல்லியே களைத்துப்போவார்கள். பிரியாணி உண்டு.

ஷார்ஜா ஜுபைல் நிலையத்தில் என்னை அழைத்துப்போக ஜோசப் வந்திருந்தார். உகாண்டாக்காரர், மாரியப்பனோடு ஒரே கிடங்கில் வேலை. முவைலா பஸ்ஸில் அவர் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஏறும்போது பலர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பக்கத்து இருக்கை மட்டும் காலி. எனக்காகப் பிடித்து வைத்தீர்களா என்று கேட்டேன். பிடிக்கவே வேண்டாம், எப்போதும் காலியாகத்தான் இருக்கும் என்றார்.

வேலையிடத்து இந்தியும் ஆங்கிலமுமாக நிறையப் பேசினார். கடைக்குள் போனால் செக்யூரிட்டி ஒருவன் பின்னாலேயே வருவான். லிஃப்டில் பெண்கள் கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். "எங்கள் ஊரில் என்னை யாரும் கறுப்பன் என்று சொன்னதில்லை. அங்கே நான் நெட்டையன், அவ்வளவுதான்" என்றார். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் தொட்டிலில் கிடந்தபோதே கருவாயன்.

அவர் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப்பை மூடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் வேறு படுக்கை பார்த்தாக வேண்டும். முவைலாவில் இறங்கியதும் விளக்குக் கம்பங்களைக் காட்டினார். கம்பமெல்லாம் படுக்கை வாடகைக்கு என்ற காகிதம்: தமிழர்களுக்கு மட்டும், கேரளக் குடும்பங்களுக்கு மட்டும். ஃபோனில் எல்லாரும் வரச் சொல்வார்களாம். மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டியதும், இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்பார்களாம். மாரியப்பன் அறையில் ஒரு மேல் கட்டில் போன வாரம் காலியானது. இன்று மற்றவர்களிடம் பேசி முடித்துத் தருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அதற்காகவே ஜோசப் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

அறை நாலாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. மேல் கட்டில் விரிப்பில்லாமல் வெறுமனே கிடந்தது. ஜோசப் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டி வேலையில் உட்கார்ந்தார். பால் பவுடர், பாதாம், கம்பளி, சென்ட், கடைசியில் ஒரு பை நிறைய சிவப்பழகு க்ரீம். மாரியப்பன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளுக்கு அப்பா நிறம். ஜோசப் ஒரு டியூபைத் திருப்பிப் பார்த்தார். இது எங்கள் ஊரிலும் விற்கிறது என்று சொல்லி, பிதுங்காமல் இருக்கக் கம்பளி மடிப்புக்குள் ஒவ்வொன்றாகச் செருகினார். அவர் பெட்டிமேல் உட்கார்ந்த பிறகுதான் மூடியே சேர்ந்தது.

சாப்பாட்டுக்கு நடுவே, அறையில் சமையல் கணக்கைக் கவனிக்கும் சேகர், தஞ்சாவூர்க்காரர், கட்டில் பேச்சைத் தொடங்கினார். தமிழ் தெரியாதவர்தானே என்று ஜோசப்பை வைத்துக்கொண்டே பேசினார்கள். ஆள் நல்லவர், ஆனால் வாட்ச்மேன் கேட்பான், பக்கத்து அறைக்காரர்கள் கேட்பார்கள் என்றார் சேகர். மாரியப்பன் வாதாடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்தபடி என்னிடம் சொன்னான்:

"அண்ணே, தங்கமான பய. ஆனா என் மூஞ்சியப் பாருங்க. மால்ல என் பின்னாலயும்தான் வாரான். இவனும் நானும் ஒரே ரூம்னா, என்னையும் அவங்க ஆளுன்னுதான் நெனப்பாங்க. ரெண்டு மாசத்துல நான் இங்கதான திரும்பி வரணும்."

பிறகு ஜோசப் பக்கம் திரும்பி, "பெட் மாஃபி, பாய்" என்றான். படுக்கை இல்லையாம். எல்லார் தலைக்கும் மேலே அது காலியாகக் கிடந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தாங்காமல் என்ன செய்தேன்? பிரியாணியைச் சாப்பிட்டு முடித்தேன்.

ஜோசப் கை கழுவிவிட்டு வந்து, பெட்டியைத் தோளில் ஏற்றி நாலு மாடியும் இறக்கி, ஏர்போர்ட்டுக்குப் போக வந்து நின்ற காரில் வைத்தார். மாரியப்பன் அவரைக் கட்டிப்பிடித்து அழுதான். அந்த அழுகை பொய் இல்லை. அதுதான் எனக்குக் கசப்பு.

நாலு மணிக்கு நானும் ஜோசப்பும் பஸ் ஏறினோம். நிலையம் நெருங்கும்போது அவர் கேட்டார்: உங்கள் ஊரில் எனக்கு அறை கிடைக்குமா? கோவில்பட்டியில் என் வீட்டு மாடி நாலு மாதமாகக் காலி. கேட்டு வருகிறவர்களிடம் என் மனைவி முதலில் விசாரிப்பது வேலையை அல்ல, சாதியை. நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சொந்த ஊர்க்காரனுக்கே இல்லாத இடம் அவருக்கு எங்கிருந்து வரும்?

"கிடைக்காது" என்றேன்.

ஜோசப் தலையை ஆட்டினார்.

"மாடி ஏறுவதற்கு முன்பே சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்" என்றார்.