பெயின்ட் அடிக்காத பாதி

எங்கள் ஊரில் புத்தியுள்ளவன் வீட்டுக்கு வெளியே பெயின்ட் அடிக்க மாட்டான். உள்ளே சமையலறைத் தரையில் முகம் பார்க்கலாம். வெளியே பலகை உரிந்து தொங்கும். வீட்டுக்கு விலை மதிப்புப் போட வரும் மாவட்ட ஆபீஸ்காரர்கள் காரை விட்டு இறங்குவதில்லை என்பது பென்சில்வேனியாவின் இந்த நிலக்கரி மலைகளில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெருவிலிருந்து என்ன தெரிகிறதோ அதற்குத்தான் வரி. வரியில் முக்கால்வாசி பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

இந்த வித்தையில் மற்றவர்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டவன் லியோ யுர்கானின். அவன் உள்ளேயும் ஒன்றும் செய்யவில்லை. உள்ளே வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், சீட்டு வாங்கினால் மாவட்ட ஆபீசுக்குத் தகவல் போகும் என்பது அவன் கணக்கு. சீட்டு இல்லாமல் செய்யலாமே என்றால், "ஆணி அடிக்கிற சத்தம் கேட்டாப் போதும், எவனாவது போய்ச் சொல்லிடுவான்" என்பான். இந்த மனிதனோடுதான் பெர்னடீன் நாற்பத்தேழு வருஷம் குடித்தனம் செய்தாள்.

அவர்களுடையது சுரங்கக் கம்பெனி கட்டி விற்ற இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், ஆளுக்குப் பாதி. இடது பாதி ஃபிரான்சி டொனாஹியூவுடையது. புருஷன் செத்த மறுவருஷமே ஃபிரான்சி தன் பாதிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, வராந்தாவைப் புதிதாகக் கட்டி, மாடியில் ஒரு குளியலறையும் போட்டுக்கொண்டாள். வலது பாதி எந்த நிறம் என்று கேட்டால் பெர்னடீனாலேயே சொல்ல முடியாது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் பூசியதுபோல இருக்கும்.

பெர்னடீன் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். அதைவிட, போல்கா ஆடுகிறவள் என்றுதான் ஊர் அவளை அறியும். சர்ச் திருவிழாவில் அக்கார்டியன் சத்தம் கேட்டால் போதும், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். லியோ அவளைப் பார்த்ததும் அங்கேதான். அவனுக்கு ஆட வராது. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டில் கழிப்பறை நிலவறையில் இருந்தது. சுரங்கத்திலிருந்து கரியோடு வருகிறவன் கழுவிக்கொண்டு மேலே ஏறுவதற்காக அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள். பிள்ளை வயிற்றிலிருந்தபோதும் பெர்னடீன் அந்தப் படிகளில்தான் இறங்கி ஏறினாள். மாடியில் சின்னதாக ஒரு குளியலறை வேண்டும் என்று கேட்டாள். படுக்கையறை ஜன்னலில் காற்று அடிக்கிறது என்றாள். சமையலறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்றாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பான் லியோ, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். பத்துத் தடவை கேட்டதற்கு ஒரே பதில் வந்தால் மனுஷிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும். ஒருவேளை காற்று அடிக்கவில்லையோ, நமக்குத்தான் குளிர் அதிகமோ என்று ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள்.

ஒரு குளிர்காலத்தில், துவைத்த துணிக் கூடையோடு ஏறும்போது நிலவறைப் படியில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டே லியோ சொன்னான்: "செருப்பைப் பார்த்துப் போடக் கூடாதா? உனக்குக் கால் ஒரு இடத்துல நிக்காது, பெர்னி. ஆடி ஆடியே இப்படி ஆயிருச்சு."

அவள் நம்பினாள். எலும்பு கூடியது, காலர் தைப்பதில் பழைய வேகம் வரவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சேதம் காலில்தான். அடுத்த திருவிழாவில் பாண்டு வாசித்தபோது அவள் எழவில்லை. நாலு பேர் முன்னால் விழுந்து வைத்தால் என்ன ஆவது? அதற்கடுத்த வருஷம் பியரோகிக் கொழுக்கட்டை விற்கிற மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கே நின்றால் யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். "கொழுப்புடி உனக்கு, கூப்பிட்டா வரமாட்டேங்குற" என்று ஃபிரான்சி சில வருஷம் திட்டிப் பார்த்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

இப்படி ஊர் முழுக்க அழுக்கு வேஷம் போட்டுச் சேர்த்த புண்ணியத்தை மாவட்டம் ஒரே வருஷத்தில் துடைத்துப் போட்டது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் புது மதிப்பு என்று வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலையைக் கொடுத்தார்கள். அவர்கள் வானத்திலிருந்து படம் எடுத்தார்கள். வானத்திலிருந்து பார்த்தால் பெயின்ட் தெரியாது. ஒரே கூரை, ஒரே அளவு. ஆகவே ஃபிரான்சியின் பாதிக்கு என்ன விலையோ அதேதான் லியோவின் பாதிக்கும். கொடுமை அதுகூட இல்லை. மலைக்கு மேலே கோல்ஃப் மைதானத்தை ஒட்டி டாக்டர்களும் வக்கீல்களும் கட்டிய மாளிகைகளுக்கு மதிப்பு இறங்கியிருந்தது. சுரங்கத் தெருக்களுக்கு இரண்டு மடங்கு ஏறியிருந்தது. அந்த மாளிகைக்காரர்களில் பாதிப் பேர் பள்ளி வரியைத் தீர்மானிக்கிற பள்ளிக் குழுவில் இருந்தார்கள். கால்பந்து மைதானத்துக்குப் பிளாஸ்டிக் புல் போட்டதும் அவர்கள்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

லியோ வேலை பார்த்த டிரெய்லர் தொழிற்சாலை திவாலாகி, ஓய்வூதியம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகியிருந்தது. புது மதிப்பு நிலைத்தால் பள்ளி வரி கட்ட முடியாது. கட்டாவிட்டால் மாவட்டம் வீட்டை ஏலம் போடும். கீழ்த்தெருவில் அப்படி இரண்டு வீடு ஏற்கெனவே போயிருந்தது. மிச்சம் இருந்தது மேல்முறையீடு ஒன்றுதான்.

விசாரணைக்குப் போகிற நாளில் பெர்னடீன் நல்ல கோட்டை எடுத்தாள். லியோ அதை வாங்கித் திரும்ப மாட்டினான்.

"பழசைப் போட்டுக்க. அந்தக் கை கிழிஞ்சது."

"பிச்சை எடுக்கவா போறோம்?"

"கிட்டத்தட்ட அதான். நீ ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல உக்காந்திரு போதும்."

நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மேல்முறையீடுகளை விசாரிக்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். தலைவர் வீடு விற்கிற தரகர்; கொட்டாவியை மூக்கு வழியாக விடத் தெரிந்தவர். ஓரத்தில் ஒரு நடுவயதுப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். லியோ எழுந்தான். வாழ்நாளில் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசாதவன், அன்றைக்கு மடை திறந்துவிட்டான்.

"மேல பாத்ரூம் கிடையாது சார். எந்த நேரமானாலும் நிலவறைக்குத்தான் இறங்கணும். பொம்பளைக்கு அது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. பெட்ரூம் ஜன்னல்ல காத்து கத்தி மாதிரி வருது, கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து வருது. பேப்பரைத் திணிச்சு வச்சிருக்கா. சமையலறைச் சுவர்ல ஈரம், முழங்கால் உயரத்துக்கு ஏறிடுச்சு. அடுப்புக்குப் பின்னால தரை சாஞ்சிருக்கு, பானை ஒரு பக்கமா கொதிக்கும்."

பெர்னடீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் அவள் சொன்னது. எந்த வார்த்தையில் சொன்னாளோ அதே வார்த்தை. கத்தி மாதிரி என்றது அவள். பானை ஒரு பக்கமாகக் கொதிக்கிறது என்றது அவள். காது செவிடே இல்லை. இத்தனை வருஷமும் எல்லாம் விழுந்திருக்கிறது, ஒன்றுவிடாமல் அடுக்கி வைத்திருக்கிறான். முதலில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"நிலவறைப் படி," என்றான் லியோ. "மேல இருந்து மூணாவது. அடியில உளுத்துப்போச்சு. இன்னிக்கு நேத்திக்கு இல்ல, எழுபத்தெட்டுலயே நான் பார்த்துட்டேன். அதுல நான் காலே வைக்கிறதில்ல, தாண்டிடுவேன். அடுத்த வருஷம் இவ அதுல கால் வச்சு விழுந்தா, மணிக்கட்டு உடைஞ்சுது. கையைக் காட்டு, பெர்னி."

அவள் கையைக் காட்டவில்லை. அறையில் வெப்பக் குழாய் டொக்டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் மனசு சர்ச் மண்டபத்துக்குப் போய்விட்டது. பியரோகி மேசைக்குப் பின்னால் நின்ற ஒவ்வொரு கோடையும் வரிசையாக வந்தது. தாண்டிப் போகத் தெரிந்தவன், தாண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றதெல்லாம் உண்மைதானாம்மா?"

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு கைவிட்டுப் போகும். லியோ அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. கல்யாணம் கேட்டபோதுகூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"விழுந்தது உண்மை," என்றாள் பெர்னடீன். "படி முன்னாடியே உளுத்திருந்ததும் உண்மையாத்தான் இருக்கும். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பேனா நின்றது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் லியோ தானாக வண்டியை நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். வெளியே எதுவும் வாங்கித் தராத கை. "கடைசியில நீ சொன்னே பாரு, அதான் தூக்கிக் கொடுத்துச்சு. அந்தப் பொம்பளை முகத்தைப் பார்த்தியா?" என்றான். அது அவன்மேல் அவள் சொன்ன குற்றம் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. பெர்னடீன் ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். அது உருகிப் பழைய கோட்டின் கிழிந்த கையில் வழிந்தது.

மதிப்பைக் குறைத்துக் கடிதம் வந்தது. வீடு நின்றது. "இனிமேலாவது அந்தப் படியைச் சரி பண்ணு" என்றாள் பெர்னடீன். "பைத்தியமா? இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தா? ஒண்ணையும் தொடக் கூடாது" என்றான் லியோ. ஜூன் மாதம் பள்ளிக் குழு கூடி வரி விகிதத்தையே ஏற்றியது. குறைந்ததெல்லாம் அந்த ஏற்றத்தில் கரைந்து போனது. ஃபிரான்சி தன் வெள்ளை வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "உன் புருஷன் அழுக வச்சும் கட்டுறான், நான் அழகு பண்ணியும் கட்டுறேன். நானாவது மாடியில குளிக்கிறேன்டி."



ஆகஸ்டில் சர்ச் திருவிழா. மண்டபத்தில் பாண்டு போல்கா ஆரம்பித்தது. பெர்னடீன் பியரோகி மேசையைவிட்டு வெளியே வந்து, அவளாகவே ஃபிரான்சியின் கையைப் பிடித்தாள். ஃபிரான்சி வாயைப் பிளந்தாள். இருவரும் ஆடினார்கள். பெர்னடீனின் கால்கள் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தன. ஒரு தப்பு இல்லை. ஆனால் பாட்டு பாதி வருவதற்குள் மூச்சு வாங்கியது, முழங்கால் வலித்தது. நிறுத்திவிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சுவரோரம் உருளைக்கிழங்கு அடை தின்றுகொண்டிருந்த லியோ, நாலு பேர் கேட்க, பழக்கதோஷத்தில் சொன்னான்: "பார்த்து, பெர்னி. உனக்குத்தான் கால் நிக்காதே."

"கால் நிக்கும், லியோ," என்றாள் அவள். "படிதான் நிக்கல. மூணு பேர் முன்னால நீயே சொன்னியே."

லியோ மெல்லுவதை நிறுத்தினான். கன்னத்தில் அடை ஒதுங்கியிருக்க, அப்படியே நின்றான். பாண்டு அடுத்த பாட்டைத் தொடங்கியது. பெர்னடீன் நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தாள், முடியவில்லை. அறுபத்தெட்டு வயது ஆகியிருந்தது.