நான் அழுத்தாத ஹோர்ன்

நாற்பத்தொரு நாள் நான் முனியாண்டிக்கு ஹோர்ன் அடிக்கவில்லை. என் டயரியில் நாற்பத்தொரு இடத்தில் அது எழுதியிருக்கிறது. நாற்பத்தோராவது நாள் என் லொறியில் ஒரு மனிதர் அடிபட்டார்.

முனியாண்டி அய்யாவை நம்பும் சொந்தங்களே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தெமோதரைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், மழையா வெயிலா என்று இருபத்தாறு வருடமாக எழுதி வருகிறேன். மேல்மலை வளைவில் பாறையோடு ஒட்டி முனியாண்டி கோயில். கோயில் என்றால் ஒரு கல், ஒரு சூலம், மேலே தகரம். அங்கே மூன்று முறை ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் எங்கள் டிரைவர்மார் வளைவைத் திருப்புவார்கள். அது கும்பிடு. எதிரே வருகிறவருக்கு எச்சரிக்கையும் அதுதான்.

என் மனைவி சரோஜா ஆவணியில் இறந்தாள். அவளைக் காப்பாற்றச் சொல்லி அந்தக் கல்லின் முன் விழுந்து அழுதிருந்தேன். வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வளைவில் ஹோர்னில் வைத்த கையை எடுத்துவிட்டேன். "இனிமே உனக்கு இல்ல" என்றேன்.

இதைக் கவனித்தவன் இன்னொரு லொறி ஓட்டும் அந்தோனி.

"ஏண்ணே, நான் வேதக்காரன். நானே அய்யாவுக்கு மூணு அடிக்கிறேன். ஒங்களுக்கு என்ன கேடு?"

"ஒங்க சாமிக்குப் போயி அடிடா."

"எங்க சாமி ரோட்டுல நிக்கலையே. இவருல்ல நிக்கிறாரு!"

ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. கண்ணாடிக்கு அப்பால் பனியின் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. கியரைக் குறைத்து இடது ஓரமாகவே வந்தேன். வளைவில் ஒரு வெளிச்சம். ஒரு சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

மோட்டார் சைக்கிள் பம்பருக்குக் கீழே கிடந்தது. ஓட்டியவர் பக்கத்தில் மயங்கிக் கிடந்தார். அவரை அம்புலன்ஸ் ஏற்றிப் போன பிறகு, பொலிஸ் வரும்வரை தனியாக நின்றேன். கற்பூர வாசனை வந்தது. கோயிலில் ஆள் இல்லை. தட்டில் இருந்த சாம்பலைத் தொட்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. ஆனால் வாசனை போகவில்லை.

கவனயீனமாக ஓட்டிப் படுகாயம் ஏற்படுத்தியதாக வழக்கு. குற்றம் உறுதியானால் மறியலில் அடைப்பார்கள், லைசனும் போகும். லைசன் போனால் வேலை போகும். வேலை போனால் நானும் என் மகளும் இருக்கும், தோட்டம் கொடுத்த லயக் காம்பராவும் போகும். மேலே மலையில் நின்ற கங்காணி மாரியாயி, ஹோர்ன் சத்தம் கேட்கவில்லை என்று பொலிஸில் சொல்லியிருந்தாள். என்னிடம் வந்து அழுதாள்.

"மெய்யாவே கேக்கலங்கண்ணே. பொய் சொல்ல வாய் வரல."

"நீ சொன்னது சரிதாம்மா."

பதுளை நீதிமன்றத்தில் எனக்காக ஆஜரானவர் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி அம்மா ஒருவர். நான் டயரியை அவர் முன் விரித்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹோர்ன் அடிச்சனீங்கள் எண்டு நான் இனிச் சொல்லேலாது. பொய் சொல்லச் சொல்லி உங்களையும் கேக்கமாட்டன். நீங்கள் உங்கட பக்கத்திலதான் வந்தனீங்கள். அதை ரோட்டை அளந்து காட்டுவம்."

"அவர ஆஸ்பத்திரியில போயிப் பாக்கலாங்களா?"

"வேண்டாம். சாட்சியை வளைக்கப் பாத்தவர் எண்டு சொல்லுவினம்."

அந்தோனி மட்டும், "அடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே" என்று கெஞ்சினான். எனக்கும் ஆசை இருந்தது. மறைக்கவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் வளைவுக்கு நடந்து போனேன். சரோஜா போன பிறகு கும்பிடப் போனது அதுதான் முதல் தடவை. "நான் அடிக்கல. அடிச்சேன்னு சொல்லவும் மாட்டேன். ஒன்மேல கோவம் இன்னும் தீரல. ஆனா எனக்கு வேற ஆளில்ல" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. காற்று இல்லை. சூலத்தில் கட்டியிருந்த சிறு மணி ஒரு தடவை அசைந்தது.

நீதிமன்றத்தில் மாரியாயி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அடுத்து அடிபட்டவர். நிமல், மொனராகலைக்காரர், மலைப் பாதைக்குப் புதியவர். ஊன்றுகோலோடு ஏறினார். அவர் சிங்களத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"பனியில் வழி தெரியாமல் கோட்டைத் தாண்டி வந்தது நான்தான். வளைவுக்கு முன் ஹோர்ன் சத்தம் கேட்டது. மூன்று முறை. அதைக் கேட்டுத்தான் வேகத்தைக் குறைத்தேன். இல்லையென்றால் இன்று இங்கே நிற்க மாட்டேன்."

மாரியாயி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

சட்டத்தரணி அம்மா ஹோர்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரோட்டு அளவையும், கோட்டைத் தாண்டியதை அவரே ஒப்புக்கொண்டதையும் மட்டும் எடுத்துச் சொன்னார். நீதவான் என்னை விடுதலை செய்தார்.

வாசலில் நிமலின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் முதலில் சிங்களத்தில் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு முன்னால் போன லொறி எது?"

"எந்த லொறி?"

"ஹோர்ன் அடித்த லொறி. சத்தம் பாறைப் பக்கமிருந்து வந்தது. ஒதுங்கி வழி விட்டேன். எதுவும் வரவில்லை. மெதுவாக மறுபடி எடுத்துத் திரும்பும்போது நீங்கள் வந்தீர்கள்."

எனக்கு முன்னால் எந்த லொறியும் போகவில்லை. அந்தோனியின் லொறி அன்று பெக்டரியில் பழுதாகி நின்றது. அதையும் டயரியில் எழுதியிருக்கிறேன். சட்டத்தரணி அம்மாவிடம் சொன்னேன். "இதை நான் எந்த ஃபைலில எழுதுறது?" என்றார்.

டயரியில் விபத்து நாள் பக்கத்தை எடுத்தேன். 'ஹோர்ன் அடிக்கவில்லை' என்ற வரியை வெட்டவில்லை. அது உண்மை. அதன் கீழே, 'ஹோர்ன் அடிக்கப்பட்டது' என்று எழுதினேன். அதுவும் உண்மை.

இப்போது தினமும் மூன்று முறை அடிக்கிறேன். பாறையிலிருந்து மூன்று திரும்பி வரும். எதிரொலி. பனி இறங்கிய சில நாட்களில் நான் ஹோர்னில் கை வைக்கும் முன்பே மூன்று கேட்கும். அந்த நாட்களில் லொறியை நிறுத்திவிடுவேன். எதிரே யாரோ வந்து, கடந்து போவார்கள். பிறகு எடுப்பேன்.

சரோஜாவை ஏன் விட்டுவைக்கவில்லை என்று அய்யா இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்பதை விடவில்லை. ஆனால் நான் முகம் திருப்பிய நாற்பத்தொரு நாளும் அவர் வளைவில்தான் நின்றிருக்கிறார். சொந்தங்களே, சாமியோடு கோபமா? கோபமாகவே இருங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். அந்த வளைவு வழியாகவே போங்கள்.