பட்டனும் போச்சு, பையும் பத்தவில்லை

கைப்பேசி விற்க ஒரே ஒரு தகுதி போதும்: பொருளில் இல்லாத ஒன்றைக் காட்டி, "இல்லாததுதான் இதில் விசேஷமே" என்று முகம் மாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். ராயபுரத்தில் ஒரு கைப்பேசிக் கடையின் கவுண்டரில் நின்று அதைச் சொல்லித்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். பாட்டுக் கேட்கும் வயரைச் சொருக ஓர் ஓட்டை இருந்தது; அது போனபோது முன்னேற்றம் என்றோம். கழற்றி மாட்டும் பேட்டரி போனபோது பாதுகாப்பு என்றோம். பெட்டிக்குள் இருந்த சார்ஜர் போனபோது சுற்றுச்சூழல் என்றோம். கடைசியில் பட்டன்களும் போயின. அவை இருந்த இடத்தைக் கண்ணாடி பிடித்துக்கொண்டது, அதுவும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய சக ஊழியர்களே, முன்னால் நின்று தலையாட்டிய வாடிக்கையாளப் பெருமக்களே, வலி நம் இரு தரப்புக்கும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

அலமாரியைக் காலி செய்த கதை

புதிதாக வந்த மேனேஜர் முதல் வேலையாக பட்டன் போன்கள் இருந்த அலமாரியைக் காலி செய்யச் சொன்னார். கடையின் தோற்றத்தை அவை கெடுக்கின்றனவாம். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப ஸ்டோர் ரூமில் வைத்தோம். அந்த வாரமே அருளப்பன் அண்ணன் வந்தார். காசிமேட்டிலிருந்து சின்ன பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். பாலிதீன் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட பழைய பட்டன் போனைக் கவுண்டரில் வைத்தார். அது உயிரை விட்டிருந்தது. "இதே மாரி ஒண்ணு குடும்மா. கையெல்லாம் உப்புத்தண்ணி, டீசலு. கவருக்கு மேலயே அமுக்கணும், பாக்காம அமுக்கணும். ரெண்டை அழுத்திப் புடிச்சா மச்சான் போட்டுக்குப் போவும், நாலை அழுத்திப் புடிச்சா வூட்டுக்குப் போவும். சின்ன போட்டுல வயர்லெஸ்ஸா வெச்சிக்கீறோம்? நடுக்கடல்ல எங்களுக்கு இத்த வுட்டா வேற நாதியில்ல" என்றார்.

நான் ஸ்டோர் ரூம் பக்கம் திரும்புவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அந்த மாதிரி போனெல்லாம் இப்போது வருவதே இல்லை என்று கூசாமல் சொன்னார். பிறகு வரிசையிலேயே பெரிய போனை எடுத்து, அதில் சினிமா பார்க்கலாம், வானிலை பார்க்கலாம், மீன்கூட்டத்தைப் படம் எடுக்கலாம் என்று அடுக்கினார். மீனைப் பிடிக்கப் போகிறவர் எதற்குப் படம் எடுக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவர், கண்ணாடியை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தார்.

"ஏம்மா, இதுல நாலு எங்க கீது?"

கன்னியம்மா அக்கா வாங்கிய கூடை

கன்னியம்மா அக்கா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து எர்ணாவூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்பவர். ஐஸிலும் செதிலிலும் தேய்ந்த அவர் விரல்ரேகையை எங்களிடம் வாங்கிய புது போன் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. "ரேஷன் கடை மிஷினுக்குத்தான் என்னத் தெரியலன்னு பாத்தா, நான் காசு குடுத்து வாங்கினதுக்கும் தெரியல" என்பார். அதையாவது பொறுத்துக்கொண்டார். இடுப்பில் செருகும் சுருக்குப்பைக்குள் அது போகவில்லை என்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பழைய போன் வெற்றிலையோடும் சில்லறையோடும் அந்தப் பைக்குள் சமத்தாகக் குடியிருந்தது. புதியதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரிந்தார்.

ஏலத்தில் வாய் திறக்க வேண்டாம், கை உயர்ந்தால் போதும். ஒரு காலை, ஏலம் சூடுபிடித்த நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. வெயிலில் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. திரை நிழலில் இருக்கட்டும் என்று போனைக் கவிழ்த்துத் தலைக்கு மேலே தூக்கினார். அவ்வளவு பெரிய பலகை கூட்டத்துக்கு மேலே எழுந்தால் ஏலக்காரர் கண்ணில் படாமல் இருக்குமா? கூடை நிறைய காரப்பொடி மீன் அக்கா பெயரில் விழுந்தது. அத்தனையும் முள். அன்றைக்கு எர்ணாவூரில் அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அக்கா கூடையோடு நேராக எங்கள் கடைக்கு வந்து, ஏசி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அதை இறக்கி வைத்தார். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"போன வித்தவ நீதானே, வா, வந்து இந்தக் காரப்பொடியையும் வித்துக் குடு!"

மணலியில் ஒரு புறாக்கூண்டு

மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சோகமாக வந்தார். உள்ளே போன் எடுத்துப் போகக் கூடாது. கேட்டில் மரப்பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்னக் கட்டமாக அந்தப் பெட்டியைச் செய்தவர் எந்தக் காலத்து ஆசாரியோ, போன் என்றால் தீப்பெட்டிக்கு அண்ணன் என்று நினைத்திருக்கிறார். தம்பியின் போன் எந்தக் கட்டத்துக்குள்ளும் போகவில்லை. மேல்கவரைக் கழற்றிச் சாய்த்து, மூச்சைப் பிடித்து அழுத்தியதில் ஒருவழியாக உள்ளே போய்விட்டது. ஷிப்ட் முடிந்து வந்து இழுத்தால் வரவில்லை. செக்யூரிட்டிக்காரர் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் வீட்டிலிருந்து அழைப்பு வந்து போன் மரத்துக்குள்ளேயே அதிர்ந்துகொண்டிருக்கிறது. கடைசியில் பலகையைப் பெயர்த்துத்தான் எடுத்தார்களாம்.

இதைவிடச் சிறியதாக ஏதாவது வேண்டும் என்றார். எங்களிடம் இருப்பதிலேயே சிறியதைக் காட்டினேன். அவர் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நகம் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. அதற்கு 'மினி' என்று வேறு பெயர். தம்பி மினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"அரை போன் எதுனா கீதா மேடம்?"

மேனேஜரின் மூக்கு

ஒருநாள் மேனேஜர் மூக்கில் பிளாஸ்திரியோடு வந்தார். மல்லாந்து படுத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது கை மரத்துப்போய், கால் கிலோவுக்குக் குறையாத அந்தச் சனியன் மூஞ்சியில் விழுந்திருக்கிறது. பைக்கில் போகும்போது மாடு குறுக்கே வந்தது என்றார். கண்ணாடித் தாள் ஒட்டும் மேசையில் உட்காரும் ரபீக் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சார், அடுத்த வாட்டி ஸ்க்ரீன் கார்டு போனுக்கு வேணாம், மூஞ்சிக்கு ஒட்டிக்கோங்க."

அருளப்பன் அண்ணன் திரும்பி வந்தார்

சிரித்ததெல்லாம் அதோடு சரி. ஒரு காலை, கடை திறந்தவுடன் அருளப்பன் அண்ணன் வந்து நின்றார். சட்டையில் உப்பு பூத்திருந்தது. அன்று விடியலில் எண்ணூருக்கு எதிரே, கப்பல் போகும் வழியில் அவர் படகின் இன்ஜின் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்துகொண்டிருந்தது. டவர் இருந்தது, சார்ஜும் இருந்தது. மச்சானைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஈரக் கை பட்டால் போன் அசையவில்லை. அலை தெறித்தால் தானாகவே எதையோ திறந்தது. துடைக்கலாம் என்றால் படகில் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. "அது கேமராவத் தொறக்குது, பாட்டத் தொறக்குது, மச்சான் நம்பர மட்டும் தொறக்கலம்மா" என்றார். கடைசியில் கூட இருந்தவர்கள் பனியனைக் கழற்றி ஆட்டியிருக்கிறார்கள். தூரத்தில் போன ஒரு படகு அதைப் பார்த்துத் திரும்பி வந்து, கயிறு போட்டு இழுத்திருக்கிறது. கப்பல் அவர்களைக் கடந்து போனபோது எழுந்த அலை எவ்வளவு உயரம் என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். யாரையும் கேட்காமல் ஸ்டோர் ரூமுக்குப் போய், இன்னும் அனுப்பாமல் கிடந்த பெட்டியைப் பிரித்து ஒரு பட்டன் போனை எடுத்து வந்தேன். அண்ணன் அதை வாங்கி, பார்க்காமலே நாலைத் தடவிக் கண்டுபிடித்தார்.

மேனேஜருக்கு அது அவமானமாகப் போய்விட்டது. போனில் கோளாறே இருக்க முடியாது என்று ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, அண்ணனின் பெரிய போனை அதில் முக்கி எடுத்தார். முழுதாக முங்கவில்லை, பாதிதான் முங்கியது. எடுத்துத் துடைத்து, எரிகிற திரையை எல்லாருக்கும் காட்டி, "பாருங்க, தண்ணியில போட்டும் போனுக்கு ஒண்ணும் ஆகலையே!" என்றார். அண்ணன் கோபப்படவில்லை. பட்டன் போனைப் பாலிதீன் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே சொன்னார்:

"கரெக்ட்டு சார். நாங்க மொத்தமா முழுவிப் போயிருந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

மொத்தத்தில், எங்கள் வியாபாரம் அமோகமாக நடக்க வேண்டுமானால் போன் வாங்கியவர்கள் யாரும் கடைக்குத் திரும்பி வரக் கூடாது. கடலோரத்தில் கடை வைத்துக்கொண்டு அப்படி வேண்டிக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை.