மலைப்பேச்சில் ஒரு தொடர்கதை

எழுபதுகளின் தொடக்கத்தில், பாலக்காட்டுச் சித்தூரில் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு அதே ஊரில் வெளிவந்துகொண்டிருந்த ஒரு மாதமிருமுறை இதழில் எனக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்தது. எண்ணெய் மில்லை ஒட்டிய ஓட்டுக் கட்டடம்தான் அச்சகமும் அலுவலகமும். முதலாளி, நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்காரர். கதை படிக்கும் பித்து ஒன்றுக்காகவே பத்திரிகை நடத்தியவர். நான் கம்பத்துக்கு மேலே மலையில் இருக்கும் வண்டன்மேட்டில், ஓர் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். நர்ஸ் வேலைக்குப் போகச் சொன்ன அப்பாவிடம் மறுத்துவிட்டு வந்திருந்தேன். அப்பா அதன்பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை.

முதலாளி கதைகளைப் பற்றிச் சொல்லும் விமர்சனம் ஒன்றே ஒன்றுதான்.

"இந்த எடத்துல எனக்குத் தூக்கம் வந்துருச்சுங்க அம்மிணி."

அவ்வளவுதான். ஏன் தூக்கம் வந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். பெரும்பாலும் எழுதியவர் தன் மேதாவித்தனத்தைக் காட்ட நின்ற இடமாக அது இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒட்டுப்போட்டுக் கொடுத்தால் அவர் கண்கொட்டாமல் படிப்பார். இப்படியே கதைத் தேர்வு முழுவதும் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. வெட்டியதற்காகச் சண்டை போட்ட எழுத்தாளர்களும் உண்டு. அச்சில் பார்த்த பிறகு அடுத்த கதையை என் பெயருக்கே அனுப்பியவர்களும் உண்டு.

ஒருநாள் எங்கள் தொடர்கதை எழுத்தாளர் சினிமாவுக்கு வசனம் எழுதச் சென்னைக்குப் போய்விட்டார். அவர் போன சமயத்தில் அவருடைய கதாநாயகி கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். "நீங்களே எப்படியாவது முடித்துக்கொள்ளுங்கள்" என்று தகவல் அனுப்பியிருந்தார். நான் அவளை மேட்டிலிருந்து இறக்கி, வீட்டுக்கு அனுப்பி, ஒரே அத்தியாயத்தில் கதையை முடித்தேன். படித்துவிட்டு முதலாளி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அடுத்த தொடரையும் நீங்களே எழுதிப்போடுங்களே."

மற்றவர்கள் எழுத்தைத் திருத்தியே பழகிய கை எனக்கு. முதல் அத்தியாயத்தை எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதிக் கிழித்தேன். கடைசியில், எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் தொடங்கினேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளும் ஒரு பெண். புருஷன் அவளையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் பேசியது எங்கள் லயத்துப் பேச்சு. திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் மலையேறி, போகப்போக மலையாளமும் கலந்துகொண்ட பேச்சு.

இரண்டு மூன்று இதழ்கள் வந்ததுமே புகார் கிளம்பியது. 'இது என்ன பாஷை?' என்று கார்டுகள் வந்தன. பாலக்காட்டு ஏஜென்ட் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பினார். முதலாளி தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அந்தப் புள்ள பேசறத மட்டும் கொஞ்சம் நம்மளாட்ட மாத்தீட்டா என்னுங்க? படிக்கறவங்களுக்குப் புரியோணுமில்லீங்களா?"

"மாத்தினா அவ வேற ஆளாயிடுவா ஐயா. அந்த வேற ஆளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அதுஞ் செரிதானுங்க" என்றார். ஆனால் முகம் தெளியவில்லை. தொடரைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வண்டன்மேட்டில் எங்கள் இதழை விற்கும் டீக்கடைக்காரர் பஸ் ஏறி நேரில் வந்தார். இதழ் போதவில்லையாம். ஒரு பிரதியைப் பத்து வீட்டில் வாங்கிப் படித்துக் கந்தலாக்கிவிடுகிறார்களாம். ஊர் நூலகமான வாயனசாலையில் வாசகர் கூட்டம் ஒன்று போடப்போகிறார்கள், எழுதியவர் வந்தே ஆகவேண்டும் என்றார். முதலாளி உடனே எழுந்தார்.

"நானும் வர்றனுங்க."

கம்பம் வழியாக மலையேறிப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த நேரம். வாயனசாலையின் சின்னக் கூடம் நிரம்பி, ஜன்னல்களுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். மாலை போட்டு வரவேற்பார்கள் என்று முதலாளி எதிர்பார்த்திருக்கலாம். நான் வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே, காய் பறிக்கும் ஒரு அக்கா எழுந்துவிட்டாள்.

"ஏ புள்ள, ஓடிப்போன பய திரும்பி வந்து வாசல்ல நிக்கானே, அவ கதவத் தொறப்பாளா மாட்டாளா? அதச் சொல்லு மொதல்ல!"

அந்த இதழில் கதையை அங்கேதான் நிறுத்தியிருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. என் அப்பா.

"திருந்தி வந்திருக்கான்லா? சேத்துக்கிடணும். புள்ளைக்கு அப்பன் வேணும்லா?"

பெண்கள் பக்கமிருந்து அம்மா விடவில்லை. "இத்தன வருசமா எங்க கெடந்தான்னு கேளும்! அப்பம் புள்ள ஞாவகம் வரலியாக்கும்?"

கூடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பெண்கள் ஒரு பேச்சு, ஆண்கள் ஒரு பேச்சு. இரண்டு பக்கமும் மாறி நின்றவர்களும் இருந்தார்கள். நான் கற்பனை செய்த ஒருத்திக்காக, அவள் அடுத்த லயத்தில் குடியிருப்பதைப் போலச் சண்டை. அப்போது என் பக்கத்து நாற்காலி தடாலென்று பின்னால் போனது. முதலாளி எழுந்து நின்றார்.

"அதெப்படிங்க சேத்துக்கறது? அந்தக் கொழந்த காச்சல்ல கெடந்தப்ப எட்டிப் பாத்தானுங்களா? ஒத்தையில வெறகு தள்ளிக் காப்பாத்துனாளுங்க அவ! இப்ப வந்து கதவத் தட்டுனா?"

பெண்கள் கைதட்டிய தட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. முதலாளி வெட்கத்தோடு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். புரியாத பேச்சு என்று அவர் பயந்த கதையில் அவருக்கு ஒரு வரிகூட மறந்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது அப்பா தனியாக நின்றிருந்தார். "ஒங்கப்பாதான் ஒவ்வொரு தடவையும் லயத்துல எல்லாருக்கும் உரக்கப் படிச்சுக் காட்டுதாரு" என்று அம்மா என் காதில் சொன்னாள். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கடைசியில என்னதான் செய்யப்போறா அவ?"

"சொல்ல மாட்டேன்ப்பா."

"சரித்தான். அப்பம் நானும் ஊரோட சேந்து காத்துக் கெடக்கேன்" என்று சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

திரும்பும் பஸ் மலை வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது முதலாளி சொன்னார். "ஒரு எழுத்த மாத்தாதீங்க அம்மிணி. எத்தன மாசம் வேணும்னாலும் எழுதுங்க."

அடுத்த அத்தியாயத்தில் அவள் கதவைத் திறந்தாள். அவனுக்குச் சோறு போட்டாள். குழந்தையைக் காட்டினாள். பிறகு காலையில் கம்பத்துக்கு முதல் பஸ் எப்போது என்று சொல்லிவிட்டு, ஸ்டோருக்கு வேலைக்குக் கிளம்பினாள். அந்த இதழை மறு அச்சு போட வேண்டியதாயிற்று. உடும்பஞ்சோலையிலிருந்தும் சித்திரபுரத்திலிருந்தும் புதிய ஏஜென்டுகள் கேட்டு வந்தார்கள். பிரதிகளைத் திருப்பி அனுப்பிய பாலக்காட்டு ஏஜென்டும் கூடுதலாகக் கேட்டார். அவளுடைய முடிவு பற்றி அப்பா டீக்கடைக்காரரிடம் சொல்லியனுப்பினார்: "எம்மவகிட்ட, அவ அம்மை ஜெயிச்சிட்டான்னு சொல்லும். கதை நல்லாத்தான் இருக்கு."

நாவல் புத்தகமாக வந்த மாதம், இதழின் முதல் பக்கத்தில் ஆசிரியர் என்ற சொல்லுக்குக் கீழே என் பெயரை முதலாளி தாமே எழுத்துக் கோக்கச் சொல்லி நின்று பார்த்தார். மை காயாத அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். நான் அதை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, இரண்டாவது நாவலின் முதல் வரியை எழுத உட்கார்ந்தேன்.